ஆப்பிள் கன்றுக்கு வடிவம் அமைத்தல்

நன்கு பேணப்படும் ஆப்பிள் மரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் காய்க்கக் கூடியது. ஆனால் அந்த மரம் பழச் சுமையைத் தாங்கி நிற்குமா, ஒடிந்து விழுமா, அதன் உட்புறக் கிளைகளிலும் பழம் சிவக்குமா என்பவை அதன் வாழ்வின் முதல் நான்கைந்து ஆண்டுகளிலேயே பெரும்பாலும் முடிவாகி விடுகின்றன. அப்போது மரத்தில் ஒரு பழம்கூட இருப்பதில்லை. காய்க்காத ஒரு கன்றின் கிளைகளைக் கத்தரியால் வெட்டி, கயிற்றால் இழுத்துக் கட்டி, பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் பழத்திற்கு இடம் ஒதுக்குவதே வடிவம் அமைத்தல் என்னும் கலை. இதற்குத் தோட்டக்கலையில் கவாத்து என்று பெயர்.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மூன்று ஆப்பிள் மரங்கள் வளர்ப்பவர்கள் இமாசல மலைகளிலும் காஷ்மீரத்திலும், இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளிலும் ஏராளம். இவர்களிடம் இருவகைத் தவறுகளைக் காணலாம். முதல் வகையினர் வெட்டவே மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கன்றை நட்ட அன்றே பாதியாக வெட்டுவதா என்று அவர்கள் கை நடுங்கும். இரண்டாம் வகையினர் ஒவ்வொரு குளிர்காலமும் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். முதல் வகையினரின் மரம் விரைவில் காய்த்து, ஒருநாள் பிளந்து போகிறது. இரண்டாம் வகையினரின் மரம் ஆண்டுதோறும் சாட்டை போன்ற கிளைகளை விட்டுக்கொண்டே இருக்கிறது, பூப்பதில்லை. இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. கத்தரியின் வெட்டுக்கு மரம் எவ்வாறு மறுமொழி தருகிறது என்பதை அறியாமையே அது.

வெட்டப்பட்டும் முளைத்த கன்று

ஆப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைகள். கஜகஸ்தானில் இன்றும் ஆப்பிள் காடுகள் உள்ளன. 1929இல் அப்பகுதிக்குச் சென்ற ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் வவிலோவ், தோட்ட ஆப்பிளின் மூதாதை அங்கேதான் தோன்றியிருக்க வேண்டும் என்று கருதினார். பிற்காலத்து மரபணு ஆய்வுகள் அவர் கருத்தை உறுதி செய்தன. காட்டில் வளரும் மரத்திற்கு யாரும் கவாத்து செய்வதில்லை. அதற்குப் பெரிய பழம் தேவையில்லை. விதை பரவினால் போதும். பழைய கிளைகள் ஒடிந்து விழுவதும், நிழலில் சிக்கியவை காய்ந்து போவதுமே இயற்கையின் கவாத்து. பெரிய, சிவந்த, ஒரே சீரான பழம் வேண்டும் என்பது மனிதனின் விருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்ற மனிதன்தான் மரத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

வெட்டுக்கு மரம் தரும் மறுமொழிக்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெரு என்னும் ஊரில் ஜெஸ்ஸி ஹயட் என்ற உழவர் 1870களில் தம் தோட்டத்தில் வரிசை தவறி முளைத்த ஓர் ஆப்பிள் கன்றை வெட்டி எறிந்தார். அது மீண்டும் துளிர்த்தது. மறுபடியும் வெட்டினார், மறுபடியும் துளிர்த்தது. பிறகு அதை வளர விட்டுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த மரத்தின் பழமே பின்னர் 'டெலிஷியஸ்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் இமாசலத்தின் கோட்கர் பகுதியில் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். இன்றைய இமாசல ஆப்பிள் தொழிலின் தொடக்கம் அதுவே. ஹயட்டின் கன்று மேலே வெட்டப்பட்டதும் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக் கொண்டன. கவாத்தின் அடிப்படை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

நுனியின் ஆட்சி

ஓராண்டு வயதான ஆப்பிள் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் ஒரு மொட்டு இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு இலைக் காம்பின் கணுவிலும் ஒரு பக்கமொட்டு இருக்கும். இளவேனில் வந்ததும் நுனி மொட்டும் அதை அடுத்த சில மொட்டுகளும் வேகமாக வளர்கின்றன. அடிப்பகுதி மொட்டுகளில் பல விழிப்பதே இல்லை. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர்.

இதன் காரணத்தை முதலில் சோதனையால் காட்டியவர்கள் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் ஆவர். 1933இல் அவர்கள் அவரை இனச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளினார்கள், பக்கமொட்டுகள் வளர்ந்தன. மற்றொரு செடியில் நுனியைக் கிள்ளிய இடத்தில் ஆக்சின் என்னும் வளரூக்கியைத் தொடர்ந்து வைத்தார்கள். பக்கமொட்டுகள் அடங்கியே கிடந்தன. நுனியில் சுரந்து தண்டின் வழியே கீழிறங்கும் ஆக்சினே கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தை விரிவாக்கின. ஆக்சின் நேராகப் பக்கமொட்டுக்குள் நுழைந்து அதைத் தடுப்பதில்லை. மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற வளரூக்கியின் உற்பத்தியை அது குறைக்கிறது. மொட்டை அடக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற மற்றொரு வளரூக்கியின் பங்கும் 2008இல் கண்டறியப்பட்டது. நுனியை வெட்டியதும் பக்கமொட்டுகளுக்குச் சர்க்கரை விரைந்து பாய்வதே அவை விழிப்பதற்கான முதல் தூண்டுதல் என்பதைப் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வுகள் 2014இல் காட்டின. தோட்டக்காரருக்கு வேண்டிய செய்தி இதுதான்: நுனியை வெட்டினால் வெட்டுக்கு உடனடியாகக் கீழே உள்ள மூன்று நான்கு மொட்டுகள் வலுவாக வளரும். ஆகவே எங்கே கிளை வேண்டுமோ, அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும்.

கன்று எத்தகையது?

ஆப்பிளை விதையிட்டு வளர்த்தால் தாய் மரத்தின் குணம் வராது. எனவே ஒட்டுக்கன்றுகளையே நடுகிறோம். ஒட்டுக்கன்றின் மேற்பகுதி பழத்தின் குணத்தைத் தருகிறது. மரம் எவ்வளவு உயரம் வளரும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அடியில் உள்ள வேர்ச்செடி ஆகும்.

இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் 1913இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், பலவகையாகக் கலந்து கிடந்த வேர்ச்செடிகளை வகைப்படுத்தி எண்கள் இட்டது. அவற்றில் எம்.9 என்ற வேர்ச்செடியில் ஒட்டிய மரம் ஏறத்தாழ 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் நின்றுவிடும். மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதன் வேர்ப்பிடிப்பு வலுவற்றது. வாழ்நாள் முழுவதும் முட்டுக் கொம்பு வேண்டும். எம்.எம்.106 நடுத்தர உயரமுள்ள மரத்தைத் தரும். விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடியில் ஒட்டிய மரமோ 7, 8 மீட்டருக்கு மேலும் உயர்ந்து விடும். காய்க்கவும் நீண்ட நாள் ஆகும்.

கன்றை வாங்கும்போதே இதைக் கேட்டறிய வேண்டும். பெரு வேர்ச்செடியில் நிற்கும் மரத்தை ஆண்டுதோறும் வெட்டிச் சிறு மரமாக வைத்திருக்க முயல்வது வீண் முயற்சி. வேரின் வலிமை எங்கும் போவதில்லை. வெட்ட வெட்ட அது மேலே புதிய போத்துகளாகப் பாய்ந்துகொண்டே இருக்கும்.

முதல் வெட்டு

குளிர் மலைகளில் ஆப்பிள் கன்றுகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் நடப்படுகின்றன. நாற்றங்காலிலிருந்து பிடுங்கும்போது கன்று தன் வேர்களில் பெரும் பகுதியை இழந்து விடுகிறது. ஆனால் மேலே உள்ள மொட்டுகள் குறையவில்லை. இளவேனிலில் அத்தனை மொட்டுகளும் விரிந்து நீர் கேட்டால், குறைந்துபோன வேரால் கொடுக்க இயலாது. நட்டவுடன் கன்றைக் குறைத்து வெட்டுவதன் முதற் காரணம் இது.

இரண்டாவது காரணம் கிளைகளின் இடம். கிளையில்லாத ஒற்றைத் தண்டாக உள்ள ஓராண்டுக் கன்றைத் தரையிலிருந்து ஏறத்தாழ 75 செ.மீ. உயரத்தில், நல்லதொரு மொட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். அந்தக் கோடையில் வெட்டுக்குக் கீழே பல கிளைகள் புறப்படும். முதல் மொட்டிலிருந்து வருவது நேராக மேல் நோக்கி வளர்ந்து புதிய நடுத்தண்டாகும். இரண்டாவது மொட்டின் கிளை பெரும்பாலும் முதலாவதோடு போட்டியிட்டு, அதை ஒட்டியே நிமிர்ந்து வளரும். அதை இளம் பருவத்திலேயே கிள்ளி விடுவது நல்லது. அதற்கும் கீழே வருபவையே அகன்ற கோணத்தில் விரியும் நல்ல கிளைகள்.

ஏற்கெனவே பக்கக் கிளைகள் உள்ள கன்றாக இருந்தால், தரையிலிருந்து 50 செ.மீ.க்குக் கீழ் உள்ளவற்றை நீக்கிவிட்டு, மேலே அகன்ற கோணத்தில் உள்ளவற்றை விட்டு வைக்கலாம். ஓர் ஆண்டு நமக்கு மிச்சம்.

கவட்டையில் இருக்கிறது உயிர்

கிளை தண்டோடு சேரும் கவட்டையின் கோணமே மரத்தின் ஆயுளைக் காக்கிறது. இதனை விளங்கிக்கொள்ள மரம் பருக்கும் முறையை நினைவுகூர வேண்டும். மரப்பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் உள்ளது. அது ஆண்டுதோறும் உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் உண்டாக்குகிறது. கிளை அகன்ற கோணத்தில் இருந்தால், தண்டின் கட்டையும் கிளையின் கட்டையும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பின்னிக்கொள்கின்றன.

குறுகிய கோணத்தில் நடப்பது வேறு. தண்டும் கிளையும் பருக்கப் பருக்க, இடையே உள்ள பட்டை வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்கிறது. கட்டையோடு கட்டை சேர வேண்டிய இடத்தில் பட்டையோடு பட்டை முட்டி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பருத்த, வலுவான கிளைகளாகத் தெரியும். உள்ளே இணைப்பே இல்லை. மரம் நிறையக் காய்த்த ஓராண்டில், அல்லது பனி கிளைமேல் படிந்த ஓர் இரவில், அந்தக் கவட்டை அடிவரை பிளந்து விடுகிறது. பல ஆண்டு உழைப்பு மரத்தின் பாதியோடு தரையில் விழுகிறது. கன்றுப் பருவத்தில் விரல் பருமன் கிளையாக இருந்தபோது ஒரு நொடியில் நீக்கியிருக்கக் கூடிய குறை அது.

முதன்மைக் கிளைகள் தண்டோடு 45 முதல் 60 பாகைக் கோணத்தில் இருப்பது சிறப்பு. ஒரே உயரத்தில் மூன்று நான்கு கிளைகள் கூட்டமாகப் புறப்படுவதும் கேடே. தண்டின் அந்த இடம் வலுவிழக்கும். நடுத்தண்டுக்குச் செல்லும் உணவும் குறையும்.

அடுத்து வரும் குளிர்காலங்கள்

முதல் குளிர்காலம் வந்து இலைகள் உதிர்ந்ததும் மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். தண்டைச் சுற்றி வெவ்வேறு திசைகளில், ஒன்றுக்கொன்று 15 முதல் 20 செ.மீ. உயர இடைவெளியில் உள்ள மூன்று அல்லது நான்கு கிளைகளைத் தேர்ந்தெடுக்கவும். சுழல் படிக்கட்டின் படிகளைப் போல் அவை அமைய வேண்டும். மற்றவற்றை அடியோடு நீக்கலாம். தேர்ந்தெடுத்த கிளைகள் மெலிந்து நீண்டிருந்தால், நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு மேலே வெட்டவும். புதிய வளர்ச்சி அப்போதுதான் மரத்தின் நடுவை அடைக்காமல் வெளியே செல்லும். கிளைகள் பருத்து உறுதியாக இருந்தால் அவற்றைத் தொட வேண்டியதில்லை.

நடுத்தண்டை, மிக உயரத்தில் உள்ள கிளைக்கு மேல் ஏறத்தாழ 50 செ.மீ. விட்டு வெட்டவும். இரண்டாம் அடுக்குக் கிளைகள் அங்கே தோன்றும். மூன்றாம் குளிர்காலத்திலும் இதே முறை தொடரும். கீழடுக்குக் கிளைகளைவிட மேலடுக்குக் கிளைகள் எப்போதும் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிடில் மேலடுக்கு குடைபோல் விரிந்து கீழடுக்கை இருட்டாக்கி விடும்.

வெளிச்சத்தின் தேவை வெறும் அழகுக்காக அன்று. முழு வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி பெறும் கிளைகளில் பூமொட்டுகள் நன்கு உருவாவதில்லை; பழமும் சிவப்பதில்லை. ஓர் ஆப்பிள் நன்றாகப் பருக்க முப்பது, நாற்பது இலைகளின் உழைப்பு வேண்டும். அந்த இலைகள் வெயிலில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு.

நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில், நடுத்தண்டு 2 அல்லது 2.5 மீட்டர் உயரத்தை எட்டியதும், அதை ஒரு பக்கக் கிளைக்கு மேலே வெட்டி உயரத்தை நிறுத்தலாம். இம்முறைக்குத் 'திருத்திய நடுத்தண்டு முறை' என்று பெயர். நம் நாட்டு மலைத் தோட்டங்களில் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது இதுவே. எம்.9 போன்ற குட்டை வேர்ச்செடியில் வளரும் மரங்களில் நடுத்தண்டை முட்டுக் கொம்போடு கட்டி, வெட்டுகளை மேலும் குறைத்துக் கூம்பு வடிவில் வளர்ப்பார்கள்.

வெட்டுவதைவிட வளைப்பது மேல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறோம். மரத்தின் வகையில் இது சொல்லுக்குச் சொல் உண்மை. இளங்கிளையின் திசுக்களில் லிக்னின் என்ற உறுதிப்பொருள் இன்னும் நிறைந்திருப்பதில்லை. அந்நிலையில் கிளையை வளைத்துச் சில மாதங்கள் கட்டி வைத்தால், புதிதாகப் படியும் கட்டை அந்த நிலையிலேயே இறுகி விடுகிறது. பிறகு கயிற்றை அவிழ்த்தாலும் கிளை திரும்புவதில்லை.

கிளை ஒரு சாண் நீளம்கூட இல்லாத பருவத்தில், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைத் தண்டில் மாட்டி அதன் வால் கிளையைக் கீழே தள்ளுமாறு வைத்தாலே போதும்; கோணம் அகன்றுவிடும். சற்று வளர்ந்த கிளைக்குக் கவை உள்ள குச்சி ஒன்றைத் தண்டுக்கும் கிளைக்கும் இடையே முட்டுக் கொடுக்கலாம். அல்லது தரையில் முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டலாம். கயிறு பட்டையை அறுக்காதபடி துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

வளைப்பதனால் மற்றொரு பயனும் உண்டு. நிமிர்ந்த கிளை நீளமாக வளரும். படுக்கைவாட்டுக்கு நெருங்கிய கிளையில் நுனியின் பிடி தளர்ந்து, நீள வளர்ச்சி குறைந்து, பக்கமொட்டுகள் குறுங்கிளைகளாக மாறி விரைவில் பூக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் லா கன்டினி என்ற தோட்டக்கலை வல்லுநர் சுவரோடு சேர்த்துக் கிளைகளைப் பரப்பிக் கட்டிப் பழம் பெற்றது இந்த நியதியைக் கொண்டுதான். ஆனால் அளவு மீறக் கூடாது. நுனி தாழ்ந்து தொங்கும்படி வளைத்தால், வளைவின் உச்சியில் உள்ள மொட்டு மிக உயரமான இடத்தைப் பெற்று, அங்கிருந்து நீர்ப்போத்து செங்குத்தாகக் கிளம்பி விடும்.

ஒவ்வொரு வெட்டும் ஒரு கடன்

குளிர்காலத்தில் வெட்டினால் மரம் சிறுத்து விடும் என்று பலர் நினைக்கின்றனர். நடப்பது இதற்கு மாறானது. இலையுதிர்ந்த மரத்தின் உணவு இருப்பு பெரும்பாலும் வேரிலும் தண்டிலும் கட்டையிலும் சேமிக்கப்பட்டுள்ளது. ஒரு கன்றில் இருபது மொட்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பத்தை வெட்டி விட்டால், இருபதுக்கு உரிய இருப்பின் பெரும்பகுதியை எஞ்சிய பத்து மொட்டுகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒவ்வொரு கிளையும் இருமடங்கு வேகத்தில் பாய்கிறது. வெட்டு எவ்வளவு கடுமையோ, வளர்ச்சியும் அவ்வளவு கடுமை. ஆயினும் மரத்தின் மொத்த அளவு வெட்டாத மரத்தைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இங்கேதான் இளம் மரத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது. வேகமாக நீளும் கிளை பூப்பதில்லை. ஆகவே இளமையில் செய்யும் ஒவ்வொரு குளிர்கால வெட்டும் முதல் பழத்தைச் சிறிது தள்ளிப் போடுகிறது. வெட்டாமலே விட்டால் பழம் முந்தும். ஆனால் சட்டம் வலுவற்றுப் போகும். மிகுதியாக வெட்டினால் சட்டம் வலுக்கும். பழம் பல ஆண்டுகள் பிந்தும். வலுவான சட்டம் அமைவதற்கு எத்தனை வெட்டு இன்றியமையாததோ, அத்தனை மட்டும் வெட்டுவதே அறிவுடைமை.

கோடை வெட்டின் விளைவு வேறு. அப்போது உணவு இலைகளில் தயாராகிக்கொண்டிருக்கிறது. இலையோடு கிளையை நீக்கினால் சேமிப்பு குறைகிறது, வளர்ச்சி மட்டுப்படுகிறது. உள்ளே வெளிச்சமும் நுழைகிறது. எனவே செங்குத்தான நீர்ப்போத்துகளைக் கோடையிலேயே, கையால் கிள்ளும் பருவத்தில் நீக்குவது நலம். சுருங்கச் சொன்னால், வளர்ச்சி வேண்டும் இடத்தில் குளிர்காலத்திலும், வளர்ச்சி வேண்டா இடத்தில் கோடையிலும் வெட்ட வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் தப்பித் தவறிப் பிஞ்சு பிடித்தால் அதைக் கிள்ளி விடுங்கள். மனம் வராதுதான். ஆனால் நுனியில் தொங்கும் ஒரு பழம் இளங்கிளையை வளைத்து நிறுத்தி, மரத்தின் உருவத்தையே கெடுத்து விடும்.

மொட்டைப் படிக்கக் கற்றல்

கத்தரியை எடுப்பதற்கு முன் மொட்டை அடையாளம் காணத் தெரிய வேண்டும். இலை மொட்டு சிறியது, கூர்மையானது, கிளையோடு ஒட்டிக் கிடப்பது. பூமொட்டு பருத்து உருண்டு, மென்மையான துய்யுடன் இருக்கும். வடகோளத்தில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே கருக்கொள்ளத் தொடங்கி விடுகின்றன. குளிர்காலத்தில் நீங்கள் வெட்டி எறியும் ஒரு பூமொட்டு, சென்ற கோடையின் வெயிலில் உருவான சேமிப்பு என்பதை மறக்கலாகாது.

டெலிஷியஸ் உள்ளிட்ட பல வகைகள் இரண்டாண்டும் அதற்கு மேலும் வயதான கட்டையில் தோன்றும் குறுங்கிளைகளில் காய்ப்பவை. விரல் நீளமே உள்ள, சுருக்கம் விழுந்த அக்குச்சிகள் பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாதவை போலத் தோன்றும். அழகுக்காக அவற்றைச் சுத்தம் செய்து விடுபவர்கள் உண்டு. அவர்கள் நீக்குவது பல ஆண்டுகளின் விளைச்சலை! வேறு சில வகைகள் கிளையின் நுனியில் பூப்பவை. அவற்றின் நுனிகளையெல்லாம் வெட்டிவிட்டால் அந்த ஆண்டு பழமில்லை. எந்த வகை என்பதைக் கன்று வாங்கும்போதே தெரிந்துகொள்வது நன்று.

காயம் ஆறுவதில்லை, மூடப்படுகிறது

கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி பட்டையை நசுக்கி விடும். மொட்டுக்கு மேலே அரை செ.மீ. விட்டு, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரிவாக வெட்டினால் மழைநீர் மொட்டின்மேல் வடியாது. மிக நெருங்கி வெட்டினால் மொட்டு உலர்ந்து விடும். மிகத் தள்ளி வெட்டினால் மேலே எஞ்சும் குச்சி பட்டுப்போய், அழுகல் உள்ளே இறங்க வழியாகும்.

கிளை முழுவதையும் நீக்கும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று. கிளையின் அடியில் தண்டையொட்டி வளையம் போன்ற சிறு புடைப்பு இருக்கும். முற்காலத்தில் தண்டோடு சமமாக மழித்து வெட்டுவதே முறை என்று கருதினர். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து, அது தவறு என்று காட்டினார். விலங்கின் உடலில் காயம் பட்டால் அங்கே புதிய திசு வளர்ந்து பழுதைச் சரிசெய்கிறது. மரம் அவ்வாறு செய்வதில்லை. அது காயம்பட்ட பகுதியைச் சுற்றி வேதிப்பொருள்களால் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்தி விடுகிறது. மேலே புதிய கட்டை வளர்ந்து மூடுகிறது. 1977இல் அவர் வெளியிட்ட இக்கருத்து மரங்களைப் பேணும் முறையையே மாற்றியது. அந்தச் சுவர் எழும்பும் இடம் கிளையடியின் புடைப்பே. ஆகவே புடைப்பை விட்டுவிட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும்.

சிறு வெட்டுகளுக்கு மருந்து தேவையில்லை. ஈரம் மிகுந்த மலைகளில் பெரிய வெட்டுகளின்மேல் போர்டோ பசை தடவும் வழக்கம் உண்டு. செவ்வீயம் கலந்த பழைய பசைகளை, குழந்தைகள் நடமாடும் வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டும்; ஈயம் நஞ்சு. நோயுற்ற கிளையை வெட்டியபின் கத்தரியைச் சாராயம் தோய்ந்த துணியால் துடைத்து விட்டே அடுத்த மரத்தைத் தொட வேண்டும்.

நமது மலைகளில்

கொடைக்கானல் மலைப்பகுதியிலும் ஆப்பிள் வளர்க்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு தடை உண்டு. உறக்கத்திலிருந்து முழுமையாக விழிக்க ஆப்பிள் மொட்டுக்குக் குளிர் தேவை. டெலிஷியஸ் வகைகளுக்கு 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் வேண்டும். தென்னாட்டு மலைகளின் குளிர்காலம் அதைத் தருவதில்லை. எனவே பார்லின்ஸ் பியூட்டி போன்ற, குறைந்த குளிரில் காய்க்கும் வகைகளே அங்கு ஏற்றவை.

குளிர் போதாத இடத்தில் நுனி மொட்டு மட்டும் விழித்து, கிளை நெடுகிலும் மொட்டையாக நிற்பதைக் காணலாம். அங்கே வளைத்தல் பெருந்துணை. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பத்து நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளன. குளிர்காலம் என்பதே அங்கு இல்லை. அங்குள்ள உழவர்கள் அறுவடைக்குப் பின் இலைகளைக் கையால் உருவி, கிளைகளை வளைத்துக் கட்டி, மொட்டுகளை ஆழ்ந்த உறக்கத்தில் விழுமுன் எழுப்பி விடுகிறார்கள். இதனால் ஆண்டுக்கு இருமுறை பழம் பெறுகிறார்கள். மரத்தின் இயல்பை அறிந்தவர் கையில் கயிறும் கத்தரியும் காலநிலையையே ஓரளவு ஈடுசெய்யக் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெட்டுமுன் சிந்திக்க வேண்டியவை

குளிர்காலத்துக் காலை ஒன்றில் கத்தரியோடு கன்றின் முன் நிற்கும்போது, முதலில் காய்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் நீக்குங்கள். பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் ஒன்றை நீக்குங்கள். அதன்பின் நடுத்தண்டோடு போட்டியிடும் கிளையையும் குறுகிய கவட்டையையும் பாருங்கள். இவற்றில் வளைத்துத் திருத்தக் கூடியது எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். வளையக் கூடியதை வெட்ட வேண்டாம். மூன்று வெட்டுக்கு ஒருமுறை பின்வாங்கி நின்று மரத்தை முழுவதுமாகப் பாருங்கள்.

ஒட்டிய கிளையைத் திரும்ப ஒட்ட வைக்கலாம். வெட்டிய கிளையைத் திரும்ப வைக்க இயலாது என்று தயங்குவது இயல்பே. ஆனால் விரல் பருமனில் நீக்கிய கிளையின் காயத்தை மரம் ஓரிரு ஆண்டுகளில் மூடிவிடும். அதையே கை பருமனான பின் நீக்கினால், அந்தக் காயம் மூடுவதற்குள் அழுகல் உள்ளே சென்றுவிடக் கூடும். இளமையில் செய்யும் சிறு வெட்டு, முதுமையில் வரக்கூடிய பெரு வெட்டைத் தவிர்க்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் அரைமணி நேரம் செலவிட்டால், அதற்குப் பின் பல்லாண்டுகள் மரமே தன் கடனைத் திருப்பித் தரும்.